அக்காவுக்கு ஏற்றிவைத்த வயது

1

இந்த ஊரில் பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் என் மேசையை எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார்கள். சட்டையில் ஏதோ கறை போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன். கடைசியில் தரவுகளுக்குப் பொறுப்பான ஹெல்கா அம்மையார் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "உங்கள் கேக் எங்கே?" அன்றைக்கு என் பிறந்தநாள் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

உண்மையில் அது என் பிறந்தநாளும் இல்லை. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். தொட்டவனுக்கு ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் முடிவுகட்டி, பள்ளி திறக்கிற மாதத்துக்குத் தோதாக ஒரு தேதி போட்டார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். இதையெல்லாம் வட ஜெர்மனியில் ஒரு கடலோர நகரத்து ஆட்களிடம் எப்படி விளக்குவது? வருஷம் தவறாமல் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். பதினாறு வயது. தமிழில் ஆரம்பித்து ஜெர்மனில் முடிப்பாள். "எல்லாருடைய வயசையும் கண்டுபிடிக்கிறதுதான் அப்பா உங்க வேலை. உங்க வயசு மட்டும் உங்களுக்குத் தெரியாது" என்று வருஷம் ஒருமுறை கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. போன வாரம் கேக்கை வெட்டும்போது எங்கள் தலைவர் சாதாரணமாகத்தான், "எத்தனை ஆயிற்று?" என்று கேட்டார். கத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். எனக்குத் தப்பான வயது போட்டதில் வருஷத்துக்கு ஒரு கேக், அதோடு போயிற்று. என் அக்காவுக்குப் போட்ட தப்பான வயது அவளுடைய நோயையே மறைத்துவிட்டது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2

நான் படித்தது இயற்பியல். மனிதரைப் பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து உடம்பின் உள்ளே படமெடுக்கிற எம்.ஆர்.ஐ. எந்திரம்தான் என்னை ஜெர்மனிக்கு இழுத்து வந்தது. முதலில் அந்தக் காந்தத்தோடு மல்லுக்கட்டினேன். பிறகு, எடுத்த படங்களைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு மாறினேன். அங்கிருந்து முதுமை பற்றிய ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோயில்லாத ஏராளமான பேரின் மூளைப் படங்களை, அவரவர் வயதோடு கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறோம். நாற்பது வயது மூளை எப்படி இருக்கும், எழுபது வயது மூளை எப்படிச் சுருங்கியிருக்கும் என்று அது பழகிக்கொள்கிறது. பிறகு புதிதாக ஒருவர் படத்தைக் கொடுத்தால், இந்த மூளைக்கு இன்ன வயது என்று கணித்துச் சொல்கிறது. அந்த எண்ணிலிருந்து அவருடைய உண்மையான வயதைக் கழிக்க வேண்டும். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் நிம்மதி. மிச்சம் பெரிதாக இருந்தால், அந்த மூளை அதன் சொந்தக்காரரைவிட வேகமாகக் கிழடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கணிக்கிற எண்ணைச் சரிபார்க்க வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறோம். கழிக்கிற எண்ணை யாரும் சரிபார்ப்பதில்லை. இந்த நாட்டில் அதற்குத் தேவையும் இல்லை. இங்கே குழந்தை பிறந்த நிமிடத்தைக்கூட எழுதி வைத்துவிடுகிறார்கள்.

அக்காவின் பெயர் சின்னப்பொண்ணு. நான் பிறந்த சில நாளிலேயே எங்கள் அம்மா இறந்துவிட்டாள். அப்பா மிளகு பறிக்கப் போன மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, சில வருஷம் படுக்கையில் கிடந்து அவரும் போய்விட்டார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா சாமைக்குக் களையெடுத்தாள், குச்சிக்கிழங்கு பிடுங்கினாள். பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு ஆயா வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் என்னைச் சேந்தமங்கலத்தில் விடுதியில் சேர்த்தாள். அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபடியே மலையிலிருந்து இறங்கி வருவாள். வேகவைத்த கிழங்கைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மலையேறிப் போவாள்.

ஆதார் அட்டைகளின்படி அக்கா என்னைவிடப் பதினேழு வயது மூத்தவள். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. என் நினைவில் அவள் எப்போதும் பெரியவளாகத்தான் இருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் எந்த உயரத்தில் இருந்திருப்பாளோ அந்த உயரம்.

இங்கே வந்தபின் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். "சோறு தின்னியா சாமி? அங்க குளுருக்கு என்னத்தடா போத்திக்கறே?" என்பாள். ஒருமுறை, விசா அலுவலகத்தில் நடந்த கூத்தைச் சொன்னேன். மாணவர்களோடு பழகிப் பழகி எனக்கு 'நீ' என்று பேசுகிற ஜெர்மன்தான் வாயில் வரும். அங்கிருந்த அதிகாரி அம்மாளையும் 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் கோப்பை மூடிவைத்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் நாய்க்குக்கூட 'ங்க' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்மூரு மானத்தக் கப்பலேத்திட்டயேடா" என்று அடுத்த வாரமும் சொல்லிச் சிரித்தாள்.

அப்போதெல்லாம் போன வாரம் பேசியது அவளுக்கு நினைவிருந்தது.

3

அக்காவின் மகன் முருகேசன் மலைமேல் செம்மேட்டில் ஜீப் ஓட்டுகிறான். என்னை மாமா என்பான். அவசியமில்லாமல் கூப்பிட மாட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம் வேலை நேரத்தில் கூப்பிட்டான்.

"மாமா, அம்மா மறுக்காவும் பள்ளிக்கோடத்துக்குப் போயிருச்சுங்க."

"போனா என்ன முருகேசா? பழகுன எடந்தானே?"

"இல்லீங்க மாமா. ரிட்டயர் ஆனதே அதுக்குத் தெரியமாட்டீங்குது. அடுப்பப் பத்தவெச்சு ஒலை போட்டுட்டு, புள்ளைங்கள வரிசையில நில்லுங்கன்னு சத்தம் போடுது. அங்க பாத்தா ஞாயித்துக்கெழமைங்க."

நாமக்கல்லில் காட்டியதாகவும், வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னான். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. சேலத்துக்குக் கூட்டிப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, படத்தை அனுப்பச் சொன்னேன். அவன் ஜீப்பிலேயே கூட்டிப்போனான். வழக்கம்போல வாந்தி. எந்திரத்துக்குள் படுக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தவளிடம், தம்பிதான் இந்த மிஷினைச் செய்து அனுப்பினான் என்று புளுகியிருக்கிறான். உடனே படுத்துவிட்டாளாம்.

படம் வந்தது. என் மேசையில், என் திரையில், என் அக்காவின் தலைக்குள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்த எனக்கு அதை நேராகப் பார்க்கத் தெம்பில்லை. வயதைக் கணிக்கக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, கம்ப்யூட்டர் சொன்ன வயதும் ஆதாரில் இருந்த வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கழித்தால் மிச்சமே இல்லை. எங்கள் மருத்துவரிடமும் காட்டினேன். "இந்த வயதுக்கு இது சகஜம்தான். உங்கள் அக்கா நன்றாகத்தான் இருக்கிறார்" என்றார்.

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வரும் வழியில் மீன் வாங்கினேன், யாழினிக்கு ஐஸ்க்ரீம் வாங்கினேன். முருகேசனைக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லடா, வயசுதான்" என்றேன். அவனும் அழுதுவிட்டான்.

இதோடு இன்னொன்றும் நடந்தது. எங்கள் கம்ப்யூட்டர் பழகிய படங்களில் ஐரோப்பியர்கள்தான் அதிகம். நம் பக்கத்து ஆட்கள், அதிலும் மலையில் வாழ்கிறவர்கள், யாருமே இல்லை. அக்காவின் படத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஹெல்கா கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. முருகேசன் அக்காவிடம் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பினான். கொல்லிமலைச் சத்துணவு ஆயா ஒருத்தி, நோயற்ற முதுமைக்கு உதாரணமாக எங்கள் தொகுப்பில் ஏறினாள்.

4

போன ஜனவரியில் ஊருக்குப் போனேன். மிளகு பறிக்கிற பருவம். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பெயர் சொல்லவில்லை. "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றாள். அக்கா என்னிடம் 'ங்க' போட்டு நான் கேட்டதே இல்லை. முருகேசன் என் பையை வாங்கிக்கொண்டு, "சில நேரம் அப்படித்தாங்க மாமா, சாயங்காலம் சரியாயிரும்" என்றான். சாயங்காலமும் சரியாகவில்லை. எனக்குச் சோறு போட்டாள். போட்டதை மறந்து மறுபடியும் போட்டாள். தின்று முடிப்பதற்குள் மூன்றாவது தரமும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் தோட்டத்துப் பக்கம் போனேன். பாப்பாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சேக்காளி. என்னைப் பார்த்ததும், ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து கூடையோடு விறுவிறுவென்று இறங்கி வந்தார். வெற்றிலை போட்ட வாய் நிறையச் சிரிப்பு. தலையில் நரை பாதிதான்.

"நல்லா இருக்கறயா கண்ணு? எப்ப வந்தே?"

விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு, எதையோ பேச வேண்டுமே என்றுதான் சொன்னேன். "நீங்க இன்னும் ஏணி ஏறறீங்க. அக்காவப் பாருங்க, இந்த வயசுக்கே இப்படி ஆயிட்டா. உங்களைவிட அவ ரொம்ப மூத்தவதான?"

பாப்பாத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எங்க மூத்தவ? எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு கண்ணு. ரெண்டு பேரும் ஒரே வாரத்துல பெரிய மனுசி ஆனோம். ஆளுக்கொரு குச்சுக் கட்ட ஓலை பத்தலைன்னு ஒரே குச்சுலதான் உக்கார வெச்சாங்க. அந்தச் சின்ன எடத்துல உங்கக்கா உன்னையும் தூக்கி மடியில போட்டுக்கிட்டா. தீட்டுன்னு எல்லாரும் வஞ்சாங்க. எந்தம்பி என்னைய உட்டுட்டு இருக்கமாட்டான்னு ஒரே அழுவ."

பாப்பாத்தியின் அப்பா வனத்துறையில் காவலராக இருந்தவர். பிள்ளைகள் பிறந்த தேதியை அவரவர் பிறந்த அன்றைக்கே எழுதி வைத்தவர். எங்கள் ஊரில் அந்த ஒரு குடும்பத்துக்குத்தான் வயது சரியாக இருக்கும். பாப்பாத்திக்கு ஐம்பத்தாறு. அக்காவுக்கு ஆதாரில் அறுபத்தைந்து.

"அப்பறம் கார்டுல எப்படிக்கா இப்படி?"

"ஓ, அதுவா?" என்றார் பாப்பாத்தி. ஏதோ மாடு வாங்கிய கதையைச் சொல்வதுபோல் சொன்னார். ஆயா வேலைக்கு ஆள் எடுத்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது. அது போதாது. கீழே இருந்து வந்திருந்த தலைமையாசிரியர் நல்ல மனுஷர். படுத்த படுக்கையாகக் கிடக்கிற தகப்பனையும் என்னையும் பார்த்து மனம் இளகி, வயதை ஏற்றி எழுதிவிட்டார். கொஞ்சமாக ஏற்றினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்று தாராளமாகவே ஏற்றியிருக்கிறார். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை.

"அவளும் நல்ல ஒசரமா இருந்தாளா, ஆரும் கேக்கல. உங்கக்கா எங்கிட்ட மட்டும் சொல்லுவா, ஆபீசர் வந்தாப் பயமா இருக்குதுடின்னு."

கழித்தல் கணக்குக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? மிளகுக்கொடிக்குக் கீழே நின்றபடி மனதிலேயே கழித்தேன். படம் எடுத்தபோது அக்காவுக்கு ஐம்பத்து நான்கு. அவள் மூளைக்கு அறுபதுக்கு மேல். சகஜம் இல்லை, வயசு இல்லை, எதுவும் இல்லை. நோய். ஆரம்பத்திலேயே என் மேசைக்கு வந்து, என் திரையில் தெரிந்து, சரியான வயது இல்லாததால் ஆரோக்கியம் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பிப்போன நோய். இரண்டு வருஷம் போய்விட்டது.

அன்றைக்கு என்னை இன்னொன்றும் உலுக்கியது. என்னைத் தூக்கி வளர்த்தபோது அவளுக்கு எட்டு வயது, ஒன்பது வயது. என் மகள் அந்த வயதில் தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டமாட்டாள். வாந்தி எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்து போனவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. நான் அம்மாவின் உயரத்தில் வைத்துப் பார்த்தது ஒரு சின்னப் பெண்ணை. தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பாத்தி பயந்துபோய், "என்ன கண்ணு, மயக்கமா வருது? தண்ணி கொண்டாரட்டுமா?" என்று ஓடினார்.

5

திரும்பி வந்ததும் ஹெல்காவிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாழினிக்குக் கையுறை பின்னிக் கொடுப்பவர்.

"உங்கள் சகோதரியின் வயதைத் திருத்துவதற்கு ஆவணம் வேண்டுமே" என்றார்.

"ஆவணம்தான் தப்பு."

"அப்படியானால் சரியானதற்கு என்ன ஆதாரம்?"

"ஒரே குச்சில் உட்கார்ந்திருந்த தோழி சொன்னார்."

குச்சு என்றால் என்ன, பெண் பிள்ளையை அதில் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்றெல்லாம் என் ஓட்டை ஜெர்மனில் விளக்கினேன். ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்புகிறார் என்று தெரிந்தது. ஆனால் அவருடைய படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. தொகுப்பிலிருந்து விலகுவதாக இருந்தால் காரணமே சொல்ல வேண்டாம், உடனே நீக்கிவிடலாம் என்றார். நீக்கச் சொன்னேன். ஒரு பொத்தானை அழுத்தினார். அக்கா எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து போய்விட்டாள்.

அங்கே முருகேசன் மலைக்கும் அடிவாரத்துக்குமாக அலைந்தான். பிறந்த தேதியை மாற்றப் பிறப்புச் சான்று வேண்டும், பிறப்புச் சான்று வாங்கப் பழைய பதிவு வேண்டும், பழைய பதிவு என்று ஒன்று இல்லவே இல்லை. ஆபீஸில் ஒருவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஏனுங்க, உதவித்தொகைக்காக வயச ஏத்தச் சொல்லி வாரவங்களப் பாத்துருக்கறேன். அறுபத்தஞ்சு வயசு அம்மாவுக்குக் கொறைக்கச் சொல்லி இப்பத்தான் ஒருத்தர் வந்துருக்கறீங்க. மாப்பிள பாக்கறீங்களா?"

முருகேசன் இதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாமா, பொய் வயசு குடுத்து வேல வாங்குனாங்கன்னு அம்மாவக் கேசு கீசு போட்டுருவாங்களா?"

போடமாட்டார்கள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்காகச் சொன்னேன்.

இந்த அலைச்சலையெல்லாம் யாழினி ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தையை அவள் இரண்டு தரம்தான் நேரில் பார்த்திருக்கிறாள். "அத்தைகிட்டயே கேட்டா என்ன? அவங்க வயசு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நினைவு போன ஆளிடம் என்னத்தைக் கேட்பது என்று கத்திவிட்டேன். அவள் ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் கடைசியில் அவள் சொன்னதைத்தான் கோயம்புத்தூர் டாக்டரும் சொன்னார்.

6

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில், இளம் வயதிலேயே மறதி நோய் வந்தவர்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். நோய் தொடங்கியபோது அறுபது தாண்டியிருக்கக் கூடாது. அந்தப் பிரிவில் சேர்த்துக்கொண்டால்தான் நோயின் காரணத்தைத் துருவிப் பார்ப்பார்கள். பிடிக்க முடிந்தால், சிலருக்கு மட்டும் கொடுக்கிற புது மருந்து அக்காவுக்குக் கிடைக்கும். அவள் நினைவில் மீதி இருப்பதையாவது கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது "சோறு தின்னியா சாமி" என்று அவள் கேட்டால் போதும்.

மே மாதம் மறுபடி விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். அக்காவை முருகேசனின் ஜீப்பில் கூட்டிப்போனோம். இந்தத் தடவை அவள் வாந்தி எடுக்கவில்லை. வளைவுகளில் ஒத்துக்கொள்ளாது என்பதே அவளுக்கு மறந்துவிட்டதோ என்னவோ. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அம்மா என் வயதுக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருடைய பாட்டனாருக்கும் தப்பான வயதுதானாம்.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நான் சேக்க முடியாது. நோயாளி தன் வாயால சொன்னதா எழுதலாம், அதுக்கு இடமிருக்குது. கார்டு தப்பு, எனக்கு இவ்வளவுதான்னு அவங்க சொல்லட்டும். மீதிய நான் பாத்துக்கறேன். நீங்க எடுத்துக்குடுக்கக் கூடாது."

வழக்கமான கேள்விகளிலிருந்து ஆரம்பித்தார். இது எந்த மாதம் என்றார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். இது என்ன ஊர் என்றார். "நம்மூருதானுங்க" என்றாள். பக்கத்தில் நிற்பது யார் என்று முருகேசனைக் காட்டினார். "இந்தத் தம்பி நல்ல புள்ளைங்க. வண்டியில கூட்டியாந்துச்சு" என்றாள். முருகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரிங்கம்மா. உங்களுக்கு என்ன வயசாச்சு? எப்பப் பொறந்தீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டாள். அத்தனை நேரம் அலைந்துகொண்டிருந்த கண் டாக்டரின் முகத்தில் நிலைகுத்தி நின்றது. நாள், மாதம், வருஷம் மூன்றையும் ஒரு திக்கல் திணறல் இல்லாமல் சொன்னாள். அட்டையில் இருப்பது அப்படியே. தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதி.

டாக்டர் ஆதாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். அதே நாள், அதே மாதம், அதே வருஷம். பெற்ற பிள்ளையின் பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, நான் போய்விட்டேன். பதினேழு வயதில் பயந்து பயந்து மனப்பாடம் பண்ணியது மட்டும் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் டாக்டர் முழு மதிப்பெண் போட வேண்டியதாயிற்று.

எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்னால் அடக்க முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, பயப்படாதக்கா. நெசமான வயசச் சொல்லு. உன்னைய ஆரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க. பாப்பாத்தியும் நீயும் ஒரே வயசுதான? ஒரே குச்சுல இருந்தீங்கல்ல? சொல்லுக்கா."

அக்கா என் சட்டையைப் பார்த்தாள். பேண்ட்டைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் ஏறுவது எனக்குத் தெரிந்தது. பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நெசந்தானுங்க சார். வேணும்னா வாத்தியாரக் கேட்டுப் பாருங்க. நான் வயசுக்கு வந்த பெரிய பொம்பளதானுங்க, நல்லா வேல செய்வனுங்க. ஊட்டுல அப்பன் படுத்துக் கெடக்கறாருங்க. தாயில்லாத தம்பி ஒருத்தன் இருக்கறானுங்க சார், நல்லாப் படிக்கறான். அவனப் படிக்க வெக்கோணும். இந்த வேலைய மட்டும் எங்கிட்டயிருந்து எடுத்துப் போடாதீங்க சார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. நான் ஏதாவது சொல்கிற வரைக்கும் அவள் இறக்கப்போவதில்லை என்று தெரிந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நானும் எழுந்து நின்றேன்.

"எடுக்கமாட்டோமுங்கம்மா" என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. நீங்க போய் வேலையப் பாருங்க."